விலைப்பட்டியல் மறைந்த சந்தை

நாளிதழில் விளம்பரம் கொடுக்க விரும்பும் கடைக்காரர் முதலில் கேட்டு வாங்குவது கட்டண அட்டையை. சதுர சென்டிமீட்டருக்கு இவ்வளவு, முதல் பக்கம் என்றால் கூடுதல், வண்ணத்துக்குத் தனி, ஞாயிற்றுக்கிழமைக்குத் தனி என்று எல்லாம் அதில் அச்சாகியிருக்கும். பேரம் பேசிக் குறைக்கலாம். ஆனால் பேரம் எந்த எண்ணிலிருந்து தொடங்குகிறது என்பது இரு தரப்புக்கும் தெரியும். ஃபேஸ்புக்கிலும் இன்ஸ்டாகிராமிலும் அப்படி ஓர் அட்டை கிடையாது. அதே படம், அதே வாசகம், அதே ஊர். இந்த வாரம் ஆயிரம் பேர் கண்ணில் பட ஒரு தொகை ஆகிறது, தீபாவளிக்கு முந்தைய வாரம் வேறொரு தொகை ஆகிறது. காரணம் கேட்டால் அல்காரிதத்தைக் கைகாட்டி விட்டுவிடுகிறார்கள். அது விளக்கம் ஆகாது. இந்த விலையை மூன்று விஷயங்கள் தீர்மானிக்கின்றன. அதே ஆளின் பார்வையை அதே நேரத்தில் வேறு யார் யார் கேட்கிறார்கள் என்பது ஒன்று. நம் விளம்பரத்தைப் பார்ப்பவர் என்ன செய்வார் என்று விற்பவரின் கணினி போடும் கணிப்பு இரண்டாவது. எத்தனை இடங்களை விற்பனைக்குத் திறப்பது என்ற விற்பவரின் முடிவு மூன்றாவது. இவற்றில் முதலாவது மட்டுமே சந்தையின் கையில் இருக்கிறது. மற்ற இரண்டும் விற்பவரின் கையில் இருக்கின்றன. இந்த ஏற்பாடு தானாக முளைத்ததல்ல. ஏறத்தாழ முப்பது ஆண்டுகளில், குறிப்பிட்ட சிலர் எடுத்த முடிவுகளால் உருவானது. அதன் வரலாற்றைப் படிப்படியாகப் பார்த்தால்தான் இன்றைய விலை புரியும்.

கட்டண அட்டையின் காலம் பொற்காலம் அல்ல என்பதை முதலிலேயே சொல்லிவிட வேண்டும். 1833இல் பெஞ்சமின் டே நியூயார்க்கில் ‘சன்’ நாளிதழை ஒரு சென்ட் விலைக்குக் கொண்டுவந்தார். தாளை மலிவாகக் கொடுத்து வாசகர்களைச் சேர்ப்பது, சேர்ந்த கூட்டத்தைக் காட்டி விளம்பரதாரரிடம் பணம் வாங்குவது என்ற வழி அங்கே வலுப்பெற்றது. இன்றைய இலவசச் செயலிகள் நடப்பதும் அதே வழியில்தான். 1840களின் தொடக்கத்தில் ஃபிலடெல்ஃபியாவில் வோல்னி பால்மர் பத்திரிகைகளுக்கும் வியாபாரிகளுக்கும் இடையே தரகராக அமர்ந்தார். அவருக்குப் பின் வந்த முகவர்கள் இடத்தை மொத்தமாக வாங்கிச் சில்லறையாக விற்றார்கள். பத்திரிகைக்காரர்கள் தங்கள் விற்பனை எண்ணிக்கையைத் தாராளமாக ஊதிச் சொன்னார்கள். இந்த ஏமாற்றுக்கு முடிவு கட்டத்தான் 1914இல் அமெரிக்காவில் விற்பனைத் தணிக்கை அமைப்பு உருவானது. இந்தியாவில் அதே வேலைக்காக 1948இல் ஏபிசி என்ற அமைப்பு வந்தது. பத்திரிகை சொல்லும் எண்ணைப் பத்திரிகைக்கு வெளியே உள்ள ஒருவர் எண்ணிப் பார்த்துச் சான்று கொடுக்க வேண்டும் என்ற நிலை அப்போது ஏற்பட்டது. விளம்பரதாரர், பதிப்பாளர், முகவர் மூவரும் சேர்ந்து அந்த அமைப்பை நடத்தினார்கள். கட்டண அட்டைக்கு மதிப்புக் கொடுத்தது இந்தத் தணிக்கைதான். இணையத்தில் அட்டையோடு சேர்ந்து மெல்லக் கழன்று போனதும் இதுதான்.

இணையத்தில் முதலில் வந்தது பத்திரிகையின் பழக்கமே. 1994 அக்டோபர் 27 அன்று ‘ஹாட்வயர்டு’ தளம் பட்டை விளம்பரங்களைப் போட்டது. ஏடி அண்ட் டி நிறுவனத்தின் விளம்பரம் அவற்றில் ஒன்று. பக்கத்தில் ஓர் இடம், அதற்கு ஒரு தொகை. இரண்டு ஆண்டுகள் கழித்து புராக்டர் அண்ட் கேம்பிள் யாஹூவிடம், விளம்பரம் கண்ணில் பட்டதற்குப் பணம் தர மாட்டோம், யாராவது அதைச் சொடுக்கினால் மட்டுமே தருவோம் என்று பேசி ஒப்பந்தம் போட்டது. சோப்பு விற்கும் நிறுவனம் கேட்டது நியாயமான கேள்விதான். ஆனால் அதன் விளைவு பெரியது. அதுவரை விளம்பரம் பலிக்காமல் போனால் நட்டம் விளம்பரதாரருடையது. சொடுக்குக்குத்தான் பணம் என்றான பிறகு, பலிக்காத விளம்பரத்தைப் போட்டால் இடம் கொடுத்தவருக்கு நட்டம். எனவே எது பலிக்கும், எது பலிக்காது என்று முன்கூட்டியே கணிக்க வேண்டிய தேவை இடம் கொடுப்பவருக்கு வந்தது. பின்னாளில் சமூக ஊடக நிறுவனங்களை அவ்வளவு பெரிதாக்கிய கணிப்புத் தொழிலின் வித்து இங்கேதான் விழுந்தது.

அடுத்த அடியை எடுத்து வைத்தவர் கலிஃபோர்னியாவின் பில் கிராஸ். 1998இல் அவர் தொடங்கிய ‘கோடூ’ தேடுதளத்தில், ஒரு சொல்லைத் தேடினால் வரும் பட்டியலில் யார் மேலே நிற்பது என்பதை ஏலம் முடிவு செய்தது. சொடுக்குக்கு ஒரு சென்ட்டிலிருந்து கேட்கலாம். யார் எவ்வளவு கேட்டார்கள் என்பது பட்டியலிலேயே எல்லோருக்கும் தெரியும்படி எழுதப்பட்டிருந்தது. கேட்டதைக் கேட்டபடி கட்ட வேண்டும். அதனால் ஒரு தொல்லை எழுந்தது. முதலிடத்தில் இருப்பவர் நாற்பது சென்ட் தருகிறார், இரண்டாமவர் இருபதுதான் கேட்டிருக்கிறார் என்றால், முதலாமவர் இருபத்தொன்றுக்கு இறங்குவார். உடனே இரண்டாமவர் இருபத்திரண்டுக்கு ஏறுவார். இப்படி ஏறி ஏறி, ஒருவர் சலித்துக் கீழே விழ, மறுபடி முதலிலிருந்து ஏறுவார்கள். ஏலக்கேள்வியை நாள் முழுக்க மாற்றிக்கொண்டிருக்கத் தனி மென்பொருள்களே எழுதினார்கள். பின்னர் பொருளாதார அறிஞர்கள் எடெல்மனும் ஒஸ்ட்ரோவ்ஸ்கியும் அந்தக் கால ஏலப் பதிவுகளில் விலைகள் ரம்பப் பல்லைப் போல ஏறி இறங்குவதைக் காட்டினார்கள். குறைகள் எத்தனை இருந்தாலும் கோடூவில் ஒரு நேர்மை இருந்தது: விலை எல்லோர் கண்ணுக்கும் தெரிந்தது.

கோடூவின் தொல்லையைச் சரிசெய்த முறையே விலையை மறைத்தும் வைத்தது. கூகுள் 2000இல் விளம்பரம் விற்கத் தொடங்கியபோது, ஆயிரம் பார்வைக்கு இவ்வளவு என்ற பழைய முறையைத்தான் கையாண்டது. 2002 பிப்ரவரியில் அதை மாற்றி இரண்டு புதுமைகளைக் கொண்டுவந்தது. வடிவமைத்தவர்களில் சலார் கமாங்கரும் எரிக் வீச்சும் முக்கியமானவர்கள். முதலாவது, வென்றவர் தான் கேட்ட தொகையைக் கட்ட வேண்டியதில்லை. அடுத்தவரை வெல்லத் தேவையான தொகையைக் கட்டினால் போதும். இந்த எண்ணத்தின் வேர் வில்லியம் விக்ரி 1961இல் எழுதிய கட்டுரையில் இருக்கிறது. அதற்காக அவருக்கு 1996இல் நோபல் அறிவிக்கப்பட்டது. அறிவிப்பு வந்த மூன்றே நாளில் அவர் இறந்துபோனார். தன் கருத்து எத்தனை கோடி ஏலங்களை நடத்தப் போகிறது என்பதைக் காண அவருக்குக் கொடுத்துவைக்கவில்லை. இரண்டாவது புதுமை இன்னும் ஆழமானது. அதிகம் கேட்பவரே வெல்வார் என்பதில்லை. கேட்ட தொகையை, அந்த விளம்பரத்தைச் சொடுக்கும் வாய்ப்பால் பெருக்கி வரும் எண்ணில் யார் பெரியவரோ அவரே வெல்வார். அந்த வாய்ப்பைக் கணக்கிடுவது விற்பவரின் கணினி. அது போட்ட எண்ணை வாங்குபவர் பார்க்க முடியாது, சரிபார்க்கவும் முடியாது. 1914இல் பதிப்பாளரின் கையிலிருந்து பிடுங்கித் தணிக்கையாளரிடம் கொடுத்த அளவுகோல், இங்கே மறுபடி விற்பவரிடமே போய்ச் சேர்ந்தது.

ஃபேஸ்புக்கின் தொடக்கமும் கட்டண அட்டையில்தான். 2004இல் ஒரு கல்லூரியின் மாணவர்களுக்கு மட்டும் தெரியும்படி ‘ஃபிளையர்’ என்ற சிறு விளம்பரங்களை நாளுக்கு இவ்வளவு என்று விற்றார்கள். 2006இல் பட்டை விளம்பரங்களை விற்கும் பொறுப்பை மைக்ரோசாஃப்டிடம் கொடுத்தார்கள். 2007 நவம்பரில் சொந்த விளம்பர அமைப்பு வந்தது. மறு ஆண்டே கூகுளின் விளம்பர விற்பனையை வளர்த்தவர்களில் ஒருவரான ஷெரில் சான்ட்பெர்க் அங்கே போய்ச் சேர்ந்தார். ஏல முறையும் அவரோடு வந்தது போலத் தோன்றலாம். ஆனால் விற்கப்படும் சரக்கு வேறு. தேடுதளத்தில் ஒருவர் தனக்கு என்ன வேண்டும் என்று தானே தட்டச்சு செய்கிறார். ஏலம் அந்தச் சொல்லுக்கு. சமூக ஊடகத்தில் அவர் எதையும் கேட்டு வரவில்லை, உறவினர் வீட்டுக் கல்யாணப் படத்தைப் பார்க்க வந்திருக்கிறார். ஏலம் அந்த ஆளுக்கு, அந்த நொடிக்கு. அவர் விரல் திரையில் நகரும்போதெல்லாம் ஓர் ஏலம் நடந்து முடிகிறது.

ஒரு கணக்கைப் போட்டால் தெளிவாகும். இரண்டு கடைகள் ஒரே பெண்ணின் பார்வையைக் கேட்கின்றன என்று வைத்துக்கொள்வோம். முதல் கடை, ஒரு விற்பனைக்கு 100 ரூபாய் வரை தரத் தயார். ஆனால் அந்தப் பெண் வாங்கும் வாய்ப்பு நூற்றில் ஒன்று என்று கணினி கணிக்கிறது. அந்தக் கேள்வியின் மதிப்பு 1 ரூபாய். இரண்டாவது கடை 40 ரூபாய்தான் தரும். ஆனால் வாய்ப்பு நூற்றில் நான்கு என்கிறது கணிப்பு. மதிப்பு 1 ரூபாய் 60 காசு. குறைவாகக் கேட்ட கடையே வெல்கிறது. அது கட்டுவது, தோற்ற கடையின் மதிப்பான 1 ரூபாய்; அதாவது விற்பனை ஒன்றுக்கு 25 ரூபாய் கணக்கு. இதோடு விளம்பரத்தின் தரத்துக்கு ஒரு மதிப்பெண்ணையும் ஃபேஸ்புக் சேர்த்துக்கொள்கிறது. இப்போது கணிப்பை மட்டும் மாற்றிப் பாருங்கள். முதல் கடையின் வாய்ப்பு நூற்றில் ஒன்று இல்லை, ஒன்றரை என்று கணினி முடிவு செய்தால், வென்ற கடையின் செலவு 25 ரூபாயிலிருந்து 37 ரூபாய் 50 காசாக ஏறிவிடும். வென்றவர் எதையும் மாற்றவில்லை, தோற்றவரும் கூடுதலாகக் கேட்கவில்லை. செலவு மட்டும் ஏறியிருக்கிறது.

போட்டி எவ்வளவு வலியது என்பதற்கு நாடுகளுக்கு இடையேயான வேறுபாடே சான்று. 2023இன் கடைசிக் காலாண்டில் ஃபேஸ்புக்குக்கு அமெரிக்கா, கனடாவில் ஒரு பயனரிடமிருந்து சராசரியாக 68 டாலருக்கு மேல் வருமானம் வந்தது. ஆசிய பசிபிக் பகுதியில் ஐந்தரை டாலர். பார்ப்பவரின் கண் ஒன்றுதான்; அந்தக் கண்ணுக்குப் போட்டியிடும் வியாபாரிகளின் பணப்பைதான் வேறு. ஒரே நாட்டுக்குள்ளும் இதே கதை. அன்யா லாம்ப்ரெக்ட், கேத்தரின் டக்கர் என்ற இரு ஆய்வாளர்கள் அறிவியல், பொறியியல் வேலைகளைப் பற்றிய ஒரு விளம்பரத்தை, ஆண் பெண் பேதமின்றிக் காட்டச் சொல்லி 191 நாடுகளில் ஃபேஸ்புக்கில் போட்டுப் பார்த்தார்கள். ஆண்களே அதிகம் பார்த்தார்கள். பெண்கள் சொடுக்க மாட்டார்கள் என்பதால் அப்படி நடக்கவில்லை. காட்டப்பட்ட பெண்கள் ஆண்களைவிடக் கூடுதலாகவே சொடுக்கினார்கள். இளம்பெண்களின் பார்வைக்கு மற்ற வியாபாரிகள் அதிகம் தரத் தயாராக இருந்ததால் அந்தப் பார்வை விலை உயர்ந்திருந்தது. செலவைக் குறைக்க முயன்ற கணினி, மலிவாகக் கிடைத்த ஆண்களிடம் விளம்பரத்தைக் கொண்டுபோய்ச் சேர்த்தது. வேலைவாய்ப்புச் செய்தி யாருக்குப் போகும் என்பதை அழகுசாதனமும் ஆடையும் விற்பவர்களின் பணம் முடிவு செய்வது மிகவும் கவலைக்குரிய விளைவு. கும்பகோணத்துப் பாத்திரக்கடை ஐப்பசியில் கூடுதலாகக் கொடுக்க நேர்வதும் இதே காரணத்தால்தான். அதன் போட்டி பக்கத்துத் தெருப் பாத்திரக்கடையோடு மட்டும் அல்ல. அதே வாடிக்கையாளரின் பார்வையைக் கேட்கும் செல்பேசி நிறுவனம், இணைய அங்காடி, கடன் செயலி எல்லாவற்றோடும்தான்.

மூன்றாவது காரணமான இடங்களின் எண்ணிக்கைக்கு, அந்த நிறுவனமே வெளியிட்ட கணக்குகள் சாட்சி. ஒவ்வொருவரின் திரையிலும் எத்தனை பதிவுக்கு ஒரு விளம்பரம் என்ற அளவை ஃபேஸ்புக் ஆண்டுக்கணக்கில் கூட்டிக்கொண்டே வந்தது. 2017 நடுவுக்குப் பிறகு வருமான வளர்ச்சியில் அதன் பங்கு குறையும் என்று 2016 நவம்பரில் அதன் நிதித் தலைவர் டேவிட் வேனர் முதலீட்டாளர்களிடம் சொன்னார். 2017இன் மூன்றாம் காலாண்டில் காட்டப்பட்ட விளம்பரங்கள் 10 விழுக்காடு மட்டுமே கூடின. ஒரு விளம்பரத்தின் சராசரி விலை 35 விழுக்காடு ஏறியது. பிறகு ‘ரீல்ஸ்’ குறுங்காணொளிகள் வந்து ஏராளமான புது இடங்களைத் திறந்தபோது நேர்மாறாக நடந்தது. 2023இல் விளம்பரங்களின் எண்ணிக்கை 28 விழுக்காடு கூட, சராசரி விலை 9 விழுக்காடு இறங்கியது. பெருந்தொற்றின் முதல் மாதங்களில் வியாபாரிகள் பின்வாங்க, மக்கள் வீட்டில் திரையும் கையுமாக இருக்க, 2020இன் இரண்டாம் காலாண்டில் விலை 21 விழுக்காடு விழுந்தது. ஆனால் பார்வையின் விலை இறங்கினால் வியாபாரம் செய்வது மலிவாகிவிட்டது என்று நினைப்பது தவறு. 2021 ஏப்ரலில் ஆப்பிள், பயனரின் அனுமதியின்றி அவரைச் செயலிக்குச் செயலி பின்தொடரக் கூடாது என்று விதித்தது. கணிப்பின் கூர்மை மழுங்கியது. இதனால் 2022இல் சுமார் 1,000 கோடி டாலர் இழப்பு நேரும் என்று ஃபேஸ்புக்கின் தாய் நிறுவனமான மெட்டா கணக்கிட்டது. அந்த ஆண்டு ஒரு விளம்பரத்தின் சராசரி விலை 16 விழுக்காடு குறைந்தது. ஆனாலும் சரியான ஆளைக் கண்டுபிடிக்க முடியாத சிறு வியாபாரிக்கு, மலிவான பார்வைகளைக் கொண்டு ஒரு விற்பனையை முடிக்கக் கூடுதல் பணம் தேவைப்பட்டது.

இங்கே ஒரு மறுப்பு எழும். ஏலம் என்பது வாங்குபவர்கள் சேர்ந்து போடும் விலை, நடத்துபவர் வெறும் சுத்தியலைத் தட்டுகிறார், அவரை ஏன் குறை சொல்ல வேண்டும் என்று கேட்பார்கள். சென்னை காசிமேட்டில் மீன் ஏலம் போகும்போது கூடையும் தெரியும், பக்கத்தில் நின்று கேட்பவரின் முகமும் தெரியும், கடைசி விலையும் காதில் விழும். இந்த ஏலத்தில் மூன்றும் கிடையாது. விதியை எழுதுபவர், கணிப்பவர், விற்பவர், எண்ணிச் சொல்பவர் எல்லாம் ஒருவரே. தேடல் விளம்பரத்தில் இந்த அதிகாரம் எப்படிப் பயன்பட்டது என்பது அமெரிக்க நீதிமன்றத்தில் வெளிவந்தது. ஏல விதிகளைத் திருத்தி விலையை 5 விழுக்காடு, சில தேடல்களுக்கு 10 விழுக்காடு வரையிலும் உயர்த்தியதுண்டு, அதை விளம்பரதாரர்களிடம் பொதுவாகச் சொல்வதில்லை என்று கூகுளின் உயர் அதிகாரி 2023இல் சாட்சியம் அளித்தார். போட்டிக்கு அஞ்சாமல் விலையை உயர்த்த அந்த நிறுவனத்தால் முடிந்தது என்று 2024 ஆகஸ்டில் நீதிபதி அமித் மேத்தா தீர்ப்பில் எழுதினார். அது கூகுளின் வழக்கு, மெட்டாவின் வழக்கு அல்ல. அங்கேயும் அதுவே நடந்தது என்பதற்கு அந்தத் தீர்ப்பைச் சான்றாகக் காட்ட முடியாது. நடத்துபவர் சுத்தியலை மட்டும் பிடித்திருக்கவில்லை என்பதற்கு அது போதும்.

அரசியல் விளம்பரத்தில் இது இன்னும் கூர்மையாகத் தெரிகிறது. 2019 பிப்ரவரி முதல் 2020 நவம்பர் வரை இந்தியாவில் ஃபேஸ்புக்கிலும் இன்ஸ்டாகிராமிலும் வந்த 5,36,070 அரசியல் விளம்பரங்களை தி ரிப்போர்ட்டர்ஸ் கலெக்டிவ் என்ற செய்தியாளர் குழு, ஆட்.வாட்ச் என்ற ஆய்வுத் திட்டத்தோடு சேர்ந்து ஆராய்ந்தது. ஒரு விளம்பரத்தைப் பத்து லட்சம் முறை காட்ட பாரதிய ஜனதாவுக்குச் சராசரியாக 41,844 ரூபாய் ஆனது, காங்கிரசுக்கு 53,776 ரூபாய் ஆனது என்று 2022இல் அவர்கள் வெளியிட்டார்கள். கட்சி பார்த்து விதிகளை மாற்றுவதில்லை என்றது மெட்டா. யாரோ உட்கார்ந்து ஒரு கட்சிக்குத் தள்ளுபடி கொடுத்தார்கள் என்று இந்த எண்கள் காட்டவில்லை. குறிவைத்த மாநிலம், வயது, நேரம், விளம்பரத்துக்குக் கிடைத்த வரவேற்பு எல்லாம் சேர்ந்து இந்த வேறுபாட்டை உண்டாக்கியிருக்கலாம். ஆனால் எது எவ்வளவு என்று பிரித்துப் பார்க்க வெளியாளுக்கு வழியில்லை. அமெரிக்காவிலும் இதுதான் நடந்தது. 2016 தேர்தலில் டிரம்ப் தரப்புக்கு மிக மலிவாக விளம்பரம் கிடைத்தது என்ற பேச்சு 2018இல் கிளம்பியபோது, ஃபேஸ்புக் அதிகாரி ஒருவர் ஒரு வரைபடத்தை வெளியிட்டு, உண்மையில் டிரம்ப் தரப்புதான் கூடுதலாகக் கட்டியது என்றார். அவர் சொன்னது சரியாகவே இருக்கலாம். ஒரு தேர்தலின் விளம்பர விலையை உலகம் தெரிந்துகொள்ள விற்றவரே மனமிரங்கிப் படம் போட்டுக் காட்ட வேண்டியிருக்கிறது என்பதுதான் கவனிக்க வேண்டியது. நாளிதழ் ஒரு கட்சிக்கு ஒரு விலையும் இன்னொரு கட்சிக்கு வேறு விலையும் சொன்னால், இரண்டு ரசீதுகளைப் பக்கத்தில் வைத்துக் கேட்டுவிடலாம். இங்கே இரண்டு ரசீதுகளும் வேறு வேறு ஏலங்களின் ரசீதுகள்.

இன்னொரு மறுப்பு மிக வலுவானது. அதை மதித்தே பேச வேண்டும். கட்டண அட்டை இருந்த காலத்தில் சிறு வியாபாரிக்கு வரி விளம்பரத்தைத் தாண்டி இடமே இல்லை. நாளிதழின் கால் பக்கம் அவர் கைக்கு எட்டாதது. இன்று சில நூறு ரூபாயில், வீட்டில் முறுக்கு சுற்றி விற்கும் பெண்கூடத் தன் ஊரைச் சுற்றியுள்ள சில ஆயிரம் பேருக்குத் தன் கடையைக் காட்ட முடிகிறது. இது உண்மையான விடுதலை. 2020இல் ஃபேஸ்புக்கில் 90 லட்சத்துக்கு மேற்பட்ட விளம்பரதாரர்கள் இருந்தார்கள். அந்த ஆண்டின் இரண்டாம் காலாண்டில் மிகப் பெரிய நூறு விளம்பரதாரர்களிடமிருந்து வந்தது வருமானத்தில் 16 விழுக்காடு மட்டுமே. ஜூலையில் ஆயிரத்துக்கு மேற்பட்ட நிறுவனங்கள் வெறுப்புப் பேச்சைக் கண்டித்து விளம்பரத்தை நிறுத்தியும், அந்த மாதம் அடங்கிய மூன்றாம் காலாண்டில் வருமானம் முந்தைய ஆண்டைவிட 22 விழுக்காடு கூடியது. பெரியவர்கள் விட்டுப் போன இடத்தைச் சிறியவர்கள் அதே ஏலத்தில் எடுத்துக்கொண்டார்கள். ஆனால் இதே எண்கள் சிறியவர்களின் பலவீனத்தையும் சொல்கின்றன. ஆயிரம் நிறுவனங்கள் சேர்ந்து விலகியும் அசையாத விற்பவரிடம், தனி ஒரு கடைக்காரர் என்ன பேரம் பேச முடியும்? கதவு அகலமாகத் திறந்திருப்பது நல்லது. உள்ளே வாங்கிய சரக்கை எடை போட்டுப் பார்க்கவும் உரிமை வேண்டும் என்பது அந்த நன்மையை மறுப்பதாகாது. வரியில்கூட இந்தச் சமமின்மை தெரிந்தது. 2016இல் வெளிநாட்டு இணைய நிறுவனங்களின் விளம்பர வருமானத்தின்மீது இந்தியா 6 விழுக்காடு சமன்படுத்தும் வரி போட்டது. அது 2025 ஏப்ரலில் நீக்கப்பட்டது. இடைப்பட்ட ஆண்டுகளில் அதைத் தானே ஏற்பதா, வாங்குபவரின் தலையில் வைப்பதா என்று முடிவு செய்யும் இடத்தில் விற்பவரே இருந்தார்.

கணிப்பால் நல்ல விளம்பரத்துக்கு மலிவான விலை கிடைக்கிறது, பார்ப்பவருக்கும் எரிச்சல் குறைகிறது என்பதும் பாதி உண்மை. தனக்குச் சம்பந்தமில்லாத விளம்பரத்தை யாரும் விரும்புவதில்லை. மீதிப் பாதியை அமெரிக்காவின் நார்த்ஈஸ்டர்ன் பல்கலைக்கழகத்தைச் சேர்ந்தவர்கள் உள்ளிட்ட ஆய்வாளர்கள் 2019இல் சோதித்துக் காட்டினார்கள்: ஒரு கட்சியின் விளம்பரத்தை எதிர்க்கட்சி ஆதரவாளர்களிடம் கொண்டுபோகக் கூடுதல் செலவு ஆனது. ஏற்கெனவே ஒப்புக்கொண்டவரிடம் பேசுவது மலிவு, மாற்றுக் கருத்துள்ளவரிடம் பேசுவது விலை அதிகம் என்று ஓர் ஏல விதி வைத்துவிட்டால், அது விளம்பரத் தொழிலுக்குள் மட்டும் அடங்கும் விஷயமாக இருக்காது.

இப்போது ஏலத்தில் கேட்பவரின் இடமும் மாறுகிறது. 2022இலிருந்து மெட்டா ‘அட்வான்டேஜ் பிளஸ்’ என்ற பெயரில், யாருக்குக் காட்டுவது, எங்கே காட்டுவது, ஒவ்வொரு பார்வைக்கும் எவ்வளவு கேட்பது என்பதையெல்லாம் தன் கணினியே பார்த்துக்கொள்ளும் முறையை வேகமாகப் பரப்பி வருகிறது. வியாபாரி ஒரு தொகையையும் ஒரு படத்தையும் கொடுத்தால் போதும். பலருக்கு இது நல்ல பலனும் தருகிறது. ஆனால் கேட்பவர் சார்பில் கேட்பதும் விற்பவரின் கணினி, கணிப்பதும் அதுவே, பலனை எண்ணிச் சொல்வதும் அதுவே என்றாகும்போது, 1961இல் விக்ரி எண்ணிப் பார்த்த ஏலத்தில் எதிரெதிரே நின்ற இரு தரப்பில் ஒன்று கரைந்துவிடுகிறது. அரசியல் விளம்பரங்களுக்கு மட்டும், இந்தியாவில் 2019இலிருந்து, செலவையும் பார்வைகளையும் இவ்வளவிலிருந்து இவ்வளவுக்குள் என்ற வீச்சாக விளம்பர நூலகத்தில் பார்க்கலாம். ரிப்போர்ட்டர்ஸ் கலெக்டிவ் தன் கணக்கைப் போட்டதும் அப்படி வெளியான தரவைக் கொண்டுதான். பாத்திரக்கடைக்கும் முறுக்குக்கடைக்கும் அந்த அளவு வெளிச்சத்தைத் தருவதில் தொழில்நுட்பத் தடை ஏதும் இல்லை. ஒவ்வோர் ஏலத்தின் கணக்கும் மெட்டாவிடம் ஏற்கெனவே இருக்கிறது.